வேலியே பயிரை மேய்ந்த கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பொது எதிரி உண்டு. தெருநாய்! அந்தப் பக்கத்து ஆரணியில், ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது நாய்க்கடியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். (பட்டுப்புடவைக்குப் பேர்போன ஆரணி வேறு, அது திருவண்ணாமலை மாவட்டம். நான் சொல்வது, பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி!) அவர் வாயிலிருந்து முதலில் வருவது நாயைப் பற்றி இருக்காது. "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி!" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த ஊசியின் வலியை ஊரே அறியும். ஆனால், அதற்குள் என்ன இருந்தது என்பது போட்டுக்கொண்டவர்களில் பலருக்கும் தெரியாது.

ஆட்டு மூளை!

ஆம். செம்மறி ஆட்டின் மூளையை அரைத்து, கிருமியைச் செயலிழக்க வைத்து, வடிகட்டித் தயாரித்த கரைசல் அது. லட்சக்கணக்கான இந்தியர்களின் உயிரைக் காப்பாற்றிய அதே மருந்து, சிலருடைய கால்களை முடக்கிப் போட்டது. ஏன் முடக்கியது என்று விடாமல் துருவிக்கொண்டு போனவர்கள் கடைசியில் போய் நின்ற இடம்தான் ஆச்சரியம்: நாய்க்கடிக்குச் சற்றும் சம்பந்தமில்லாத வேறொரு நோயின் வாசல்! அதன் பெயர் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ்.

கதையை பாரிஸிலிருந்து ஆரம்பிப்போம்.

1885-ம் ஆண்டு ஜூலை 6. ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை லூயி பாஸ்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள் ஒரு தாய். இரண்டு நாள் முன்பு வெறிநாய் அவனைக் கண்ட இடத்திலெல்லாம் குதறியிருந்தது. பாஸ்டர் டாக்டர் அல்ல, வேதியியல்காரர்! எனவே, ஊசி போட கிராஞ்சே என்ற மருத்துவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. வெறிநோய் ஏற்றப்பட்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தயாரித்த மருந்து. மொத்தம் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். உலகம் கொண்டாடியது.

கவனித்தீர்களா? அங்கேயும் நரம்புத் திசுதான். அதற்குக் காரணம் உண்டு. ரேபிஸ் கிருமி நரம்பிலும் மூளையிலும்தான் செழித்து வளரும். சோதனைக் குழாயில் செல்களை வளர்த்து அதில் வைரஸைப் பெருக்கும் வித்தை அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கிருமி வேண்டுமா? மூளையை எடுத்துத்தான் ஆக வேண்டும்!

நம் ஊருக்கு வருவோம். 1902-ல் குன்னூரில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனாள். தடுப்பு மருந்து தென்னிந்தியாவில் கிடையாது. வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போக வேண்டும். அந்தச் சாவு வெள்ளைக்காரர்களை உலுக்கியது. நன்கொடை திரட்டினார்கள். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த பெரும் தொகையில் ஒரு பங்கும் சேர்ந்தது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் எழுந்தது. இன்றைக்கும் ஊட்டி போகிறவர்கள் குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம்.

அதே காலத்தில் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் ஒரு முக்கியமான காரியம் செய்தார். பாஸ்டரின் மருந்தில் கிருமி அரைகுறை உயிரோடு இருக்கும். தினம் தினம் தண்டுவடத்தை உலர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். தூரத்து ஊர்களுக்கு அனுப்ப முடியாது. செம்பிள், மூளைக் கரைசலில் பீனாலைச் சேர்த்துக் கிருமியை ஒரேயடியாகக் கொன்றுவிட்டார். 1911-ல் தன் முறையை வெளியிட்டார். எளிமை, மலிவு, பாட்டிலில் அடைத்து ரயிலில் அனுப்பலாம்! விளைவு? கடிபட்டவன் குன்னூருக்கும் கசௌலிக்கும் ஓடியது போய், மருந்தே ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு வர ஆரம்பித்தது. அடுத்த 90 ஆண்டுகளுக்கு இந்திய ஏழைகளின் நாய்க்கடி மருந்து இதுதான்.

ஆனால், கூடவே ஒரு நிழலும் வந்தது.

ஊசி போட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில், சிலருக்குத் திடீரென்று கால் மரத்துப்போகும். சிறுநீர் பிரியாது. இடுப்புக்குக் கீழே செயல் இழந்துவிடும். சிலர் தேறினார்கள், சிலர் நிரந்தரமாக முடங்கினார்கள், சிலர் இறந்தே போனார்கள். சில நூறு பேரில் ஒருவருக்கு என்று சில ஊர்க் கணக்கு சொன்னது. சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்றது வேறு கணக்கு. 'ரேபிஸ் வந்துவிட்டால் சாவு நிச்சயம். இந்த ஆபத்தோ எங்கோ ஒருவருக்கு' என்று டாக்டர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி போட்டார்கள். வேறு வழியும் இல்லை.

முதல் சந்தேகம் மருந்திலிருந்த கிருமியின் மீதுதான். 'சரியாகச் சாகாத வைரஸ் வேலையைக் காட்டுகிறது' என்றார்கள். ஆனால், பீனாலில் செத்துப்போன கிருமியைப் போட்டாலும் முடக்கம் வந்ததே! அதைவிட விசித்திரம், வெறியே இல்லாத நாய் கடித்து, பயத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் அது வந்தது. அப்படியானால் குற்றவாளி நாயும் அல்ல, கிருமியும் அல்ல. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. மூளை!

இதை நிரூபித்தவர், நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிடியூட்டில் இருந்த தாமஸ் ரிவர்ஸ். 1933-லும் 1935-லும் வெளியான அவருடைய ஆய்வுகளின் சாரம் இதுதான்: ஆரோக்கியமான முயலின் மூளையை எடுத்தார். ரேபிஸ் இல்லை, எந்தக் கிருமியும் இல்லை, சுத்தமான மூளை. அதைக் குரங்குகளின் தசையில் மாதக்கணக்கில், திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். 1935-ம் ஆண்டு சோதனையில் 8 குரங்குகளில் 7 தள்ளாடின, முடங்கின. அவற்றின் மூளையை அறுத்துப் பார்த்தபோது, ரத்தக்குழாய்களைச் சுற்றி வெள்ளை அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. அந்த இடங்களில் நரம்புகளின் உறை காணாமல் போயிருந்தது.

அது என்ன உறை? வீட்டு கரன்ட் ஒயரைப் பாருங்கள். செம்புக் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறதல்லவா? நம் நரம்பு இழைகள் பலவற்றுக்கும் அப்படி ஒரு கொழுப்புச் சட்டை உண்டு. பெயர் மயலின். அது இருந்தால்தான் மூளையின் உத்தரவு கால் கட்டைவிரலுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேரும். சட்டை கிழிந்தால் உத்தரவு தாமதமாகும், தடுமாறும், நடுவழியில் நின்றே போகும்.

குரங்குகளின் மூளையில் ரிவர்ஸ் பார்த்த காட்சி, டாக்டர்களுக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. 1868-ல் பிரான்ஸின் ஜீன் மார்ட்டின் ஷார்கோ, ஒரு விநோத நோயை விவரித்திருந்தார். இறந்த நோயாளிகளின் மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தழும்புகள். தழும்புள்ள இடத்தில் மயலின் இல்லை. அதுதான் எம்.எஸ். 1957-ல் ஜப்பானில் உச்சிமுராவும் ஷிராகியும், நாய்க்கடி ஊசியால் பாதிக்கப்பட்டவர்களின் மூளைகளை ஆராய்ந்து, சிலவற்றில் எம்.எஸ். திட்டுகளைப் போலவே இருப்பதாக எழுதினார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊசியால் வந்த முடக்கமும் எம்.எஸ்.ஸும் ஒரே நோய் அல்ல. முன்னது பெரும்பாலும் ஒருமுறை அடித்துவிட்டுப் போகும் புயல். பின்னது வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து போகும். ஆனால், இரண்டிலும் சட்டையைக் கிழிப்பவர்கள் ஒரே ஜாதி. நம் சொந்தப் பாதுகாப்புப் படை!

இதை ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகம் ரொம்பத் தயங்கியது. 20-ம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் பால் எர்லிக் என்ற மாமேதை, 'உடம்பு தன்னைத்தானே தாக்காது. அதற்கு அப்படியொரு அருவருப்பு உண்டு' என்று சொல்லியிருந்தார். வேலி எப்படிப் பயிரை மேயும்?

மேயும்! யார் மேய்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

ரத்தத்தின் தெளிந்த நீரில் மிதக்கும் எதிர்ப்பொருள்களா, இல்லை வெள்ளை அணுக்களேவா? நோயுற்ற விலங்கின் ரத்த நீரை எடுத்து ஆரோக்கியமான விலங்குக்கு ஏற்றிப் பார்த்தார்கள். நோய் தொற்றவில்லை. 1960-ல் அமெரிக்காவின் பிலிப் பேட்டர்சன் வேறொன்று செய்தார். காலில் அடிபட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர் முடிச்சிலிருந்து செல்களை எடுத்து ஆரோக்கியமான எலிகளுக்கு ஏற்றினார். எலிகள் முடங்கின! மாட்டிக்கொண்டது, செல்.

எந்தச் செல்? 1961-ல் ஜாக் மில்லர், மார்பெலும்புக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்த தைமஸ் சுரப்பிதான் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவுக்குப் பள்ளிக்கூடம் என்று காட்டினார். அங்கே படித்துவிட்டு வருபவைதான் டி செல்கள். கடைசி ஆணியை 1981-ல் அடித்தார்கள் பென்-நன், வெகெர்லே, கோஹன் மூவரும். மயலினில் உள்ள ஒரே ஒரு புரதத்தை மட்டும் எதிரியாகப் பார்க்கும் டி செல்களைத் தனியே பிரித்து, ஆய்வகத்தில் வளர்த்து, எலிக்கு ஏற்றினார்கள். அது போதுமானதாக இருந்தது. எலிக்கு முடக்கம் வந்தது.

இப்போது நம்ம ஊர் 14 ஊசிக்குத் திரும்பி வந்து பாருங்கள், எல்லாம் புரியும்.

தைமஸ் பள்ளிக்கூடத்தில், சொந்த உடம்பையே எதிரியாகப் பார்க்கும் டி செல்களை அடையாளம் கண்டு கொன்றுவிடுவார்கள். பரீட்சை கடுமைதான். இருந்தாலும், எல்லாப் பள்ளியிலும்போல ஒன்றிரண்டு தப்பித்து வெளியே வந்துவிடும். மயலினைக் கண்டால் பாயக்கூடிய டி செல்கள் உங்களிடமும் இருக்கின்றன, என்னிடமும் இருக்கின்றன! பயப்பட வேண்டாம். அவை தூங்கிக்கொண்டிருக்கும். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு கோட்டைச் சுவர் வேறு இருக்கிறது. போதாததற்கு, இவர்களைக் கண்காணித்து அடக்கி வைக்க 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்ற தனிப் பிரிவும் உண்டு. (அந்த அதிகாரிகளைக் கண்டுபிடித்த சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும்தான் 2025-ம் ஆண்டின் மருத்துவ நோபல்.)

செம்பிள் ஊசி என்ன செய்தது? மூளைக்குள் பத்திரமாக இருக்க வேண்டிய மயலினை, தினம் தினம் வயிற்றுத் தோலுக்கு அடியில் கொண்டுபோய்க் கொட்டியது. ஆட்டு மயலினுக்கும் மனித மயலினுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பக்கத்து நிணநீர் முடிச்சில் தூங்கிக்கொண்டிருந்த டி செல், 'யாரடா இவன்?' என்று விழித்துக்கொள்கிறது. ஒரு வாரத்தில் ஒன்று ஆயிரமாகப் பெருகுகிறது. உசுப்பிவிடப்பட்ட டி செல்லுக்கு மட்டும் ஒரு தனிச்சக்தி உண்டு: அதனால் மூளையின் கோட்டைச் சுவரைத் தாண்ட முடியும்! உள்ளே போய்ப் பார்க்கிறது. எங்கு பார்த்தாலும் அதே 'எதிரி'. கூச்சல் போட்டு மற்ற அணுக்களைக் கூப்பிடுகிறது. 'பெருந்தின்னி' அணுக்கள் வந்து மயலினை விழுங்குகின்றன. முடக்கம் ஏன் முதல் நாளே வராமல் ஒன்றிரண்டு வாரம் கழித்து வந்தது என்பதற்கு விடை இதுதான். படை திரட்ட அவ்வளவு நாள் ஆகிறது!

1987-ல் தாய்லாந்தின் ஹேமசுதாவும் சக ஆய்வாளர்களும், செம்பிள் ஊசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் உடம்பில் மயலின் புரதத்துக்கு எதிரான பொருள்கள் ஏராளமாக இருப்பதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1955-ஐ ஒட்டி, சிலி நாட்டில் ஃபுயென்சாலிடா என்பவர் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குஞ்சின் மூளையில் மயலின் இன்னும் உருவாகியிருக்காது. அதில் மருந்து தயாரித்தால்? ஆபத்து வெகுவாகக் குறைந்தது. தென் அமெரிக்கா முழுக்க அந்த மருந்துக்கு மாறியது. நாம் மாறவில்லை. குன்னூரில் பீனாலுக்குப் பதில் பீட்டா புரோப்பியோலாக்டோன் என்ற ரசாயனம் வந்தது. ஆனால் ஆட்டு மூளை அப்படியே இருந்ததே! அந்த மருந்தாலும் வந்த நரம்புப் பாதிப்புகளை 1984-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

இதில் மனசை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 1980-களிலேயே, மூளையே இல்லாமல், செல்களில் வளர்த்த புதிய ரேபிஸ் ஊசிகள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. கையில் போடும் ஐந்தே ஊசி. ஆனால், விலை? மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்க முடிந்தவருக்குப் புதிய ஊசி. தர்மாஸ்பத்திரி வரிசையில் நின்றவருக்கு ஆட்டு மூளை. நரம்புத் திசு மருந்தைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 1980-களிலிருந்தே சொல்லிவந்தது. இந்தியா அதன் தயாரிப்பை நிறுத்தியது 2004 டிசம்பரில்தான். இருபது வருஷத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, எம்.எஸ். நோயாளிகளுக்கு இதனால் என்ன லாபம்?

'செல்கள்தான் குற்றவாளி' என்று தெரிந்தபின் சிகிச்சையின் திசையே மாறியது. தப்பான திசையில் போனவர்களும் பாடம் கற்றார்கள். 1987-ல் அமெரிக்காவில் காமா இன்டர்ஃபெரான் என்ற பொருளை 18 எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது வெள்ளை அணுக்களை உசுப்பிவிடும் சமாசாரம். 7 பேருக்கு நோய் முற்றியது! அடுத்தவர்கள் கவனமாக யோசித்தார்கள். 'செல்லைக் கொல்ல வேண்டாம், மூளைக்குள் நுழையாமல் கதவைச் சாத்தினால் போதுமே?' அப்படிப் பிறந்ததுதான் நாடலிசுமாப். அமெரிக்கா அதை அனுமதித்தது 2004 நவம்பரில். நாம் ஆட்டு மூளையை மூட்டை கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பு!

அற்புதமாக வேலை செய்தது. ஆனால், மூன்றே மாதத்தில் வாபஸ். ஏன்? கதவைச் சாத்தியதில் திருடனோடு சேர்த்து போலீஸும் வெளியே நின்றுவிட்டது. பலர் உடம்பில் சாதுவாகக் குடியிருக்கும் ஒரு வைரஸ், காவல் இல்லாத மூளைக்குள் சிலரைக் கொன்றது. கடும் கண்காணிப்போடு 2006-ல்தான் அந்த மருந்து திரும்பி வந்தது. மூளையைக் கெடுப்பவர்களும் காப்பவர்களும் ஒரே படையினர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அடுத்த திருப்பம் இன்னும் சுவாரஸ்யமானது. எல்லோரும் டி செல்லையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கலிஃபோர்னியாவின் ஸ்டீபன் ஹௌசர், "பி செல்லையும் விசாரியுங்கள்" என்றார். எதிர்ப்பொருள் தயாரிக்கும் பிரிவு அது. பலர் நம்பவில்லை. பி செல்களை அழிக்கும் ரிடுக்சிமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்த சோதனை முடிவு 2008-ல் வந்தது. மூளையில் புதிய திட்டுகள் மளமளவென்று குறைந்திருந்தன. அதன் வாரிசான ஒக்ரலிசுமாப் 2017-ல் அனுமதி பெற்றது. விலை குறைவு என்பதால் இந்திய மருத்துவர்கள் பலர் இன்றும் ரிடுக்சிமாபையே நம்பியிருக்கிறார்கள்.

தூங்கும் செல்களை முதலில் உசுப்பிவிடுவது யார்? நாய்க்கடியில் அது ஊசி. எம்.எஸ்.ஸில்? 2022-ல் ஹார்வர்டின் ஆஷெரியோ குழு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் ரத்தப் பதிவுகளை ஆராய்ந்தது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு ஏறியது. அந்த வைரஸ் காலமெல்லாம் குடியிருக்கும் இடம் எது தெரியுமா? பி செல்! ஆனால், உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் உண்டு, எல்லோருக்கும் எம்.எஸ். வருவதில்லை. பரம்பரை, சூரிய ஒளி, புகைப்பழக்கம் என்று கூட்டாளிகள் பலர் இருக்கிறார்கள்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி' என்று ரொம்ப நாள் நம்மவர்களும் நினைத்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவியபிறகு அந்த நினைப்பு போய்விட்டது. மங்களூரில் நடந்து 2014-ல் வெளியான கணக்கெடுப்பு, லட்சத்துக்கு சுமார் 8 பேர் என்றது. பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள் தாக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒரு கண் திடீரென்று மங்கும், சில வாரத்தில் தானே தெளியும். கால் மரத்துப்போகும், அதுவும் சரியாகிவிடும். காரணமில்லாத களைப்பு. நம் வீடுகளில் இதற்கெல்லாம் ரெடிமேடாக ஒரு பெயர் உண்டு, 'நரம்புத் தளர்ச்சி'! லேகியம், மந்திரிப்பு, "வேலை செய்ய வலிக்குது, நடிக்கிறா" என்ற மாமியார் வசனம்... எல்லாம் முடிந்து நரம்பியல் டாக்டரிடம் வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. மங்கிய கண் தானே தெளிந்துவிட்டாலும், ஏன் மங்கியது என்று ஒரு டாக்டரைக் கேட்டுவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் நோயைக் கட்டிப்போட இன்றைக்கு மருந்து இருக்கிறது.

நாய்க்கடி விஷயத்தில் அதைவிடக் கண்டிப்பாக ஒன்று. பழைய ஊசியின் பயம் இன்னும் சிலரைப் பிடித்து வைத்திருக்கிறது. 2022-23-ல் நடந்த கணக்கெடுப்பு, இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 5,700 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிட்டது. இப்போதைய ஊசியில் ஆடும் இல்லை, மூளையும் இல்லை. கையில்தான் போடுகிறார்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கடிபட்ட இடத்தை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே போய் நில்லுங்கள்.

பாஸ்டருக்குச் சிலை இருக்கிறது. செம்பிளுக்கு சர் பட்டம் கிடைத்தது. ஆனால், நாய்க்கடிக்கு ஊசி போடப் போய், கால்களை இழந்து திரும்பிய அந்த ஏழைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. 'மருந்தில் ஏதோ தப்பு' என்று தங்கள் உடம்பால் சாட்சி சொன்னவர்கள் அவர்கள். உலகெங்கும் 28 லட்சத்துக்கும் அதிகமான எம்.எஸ். நோயாளிகளுக்காகத் திறந்த கதவில், முதலில் தட்டிய கை அவர்களுடையது!